காஸி மலையில் யாரைச் சந்தித்தீர்கள்?

இழையைத் தொடங்கியவர்:

மேகாலயாவின் காஸி மலைக்குப் போய் வந்தவர்கள் பகிர்வதெல்லாம் அருவி, உயிருள்ள மர வேர்களைப் பின்னிய வேர்ப்பாலம், டாவ்கி ஊர் ஆற்றின் கண்ணாடித் தண்ணீர் என்று படங்களோடு முடிந்துவிடுகிறது. படங்கள் இருக்கட்டும். அந்த மலையில் சும்மா கிடக்கும் இயற்கை என்று ஒன்றை நான் அதிகம் பார்க்கவில்லை. காட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு, அருவிக்கு இறங்கும் பாதையைப் பார்த்துக்கொள்ள ஊர் உண்டு, பாலத்தின் வேரைத் திருப்பிவிட ஆள் உண்டு. வனத்துறையிடம் இருக்கும் காடு அங்கே கொஞ்சம்தான். மீதியெல்லாம் குலங்களிடமும் ஊர்ச்சபைகளிடமும் தனிக் குடும்பங்களிடமும் இருக்கிறது. அதனால் இந்த இழையில் இடங்களை விட்டுவிட்டு, அங்கே சந்தித்த ஆட்களைப் பற்றி எழுதுவோம். நானே தொடங்குகிறேன்.

குவாஹாட்டியில் இறங்கி, ஆள் சேர்த்து ஓட்டும் பங்கு சுமோ ஜீப்பில் ஏறி ஷில்லாங். நூறு கிலோமீட்டர், நல்ல சாலை, சொல்ல ஒன்றுமில்லை. ஷில்லாங்கில் எல்லாரும் போலீஸ் பஜாருக்குப் போவார்கள். நீங்கள் இயூது சந்தைக்குப் போங்கள். மைல்லியம் சிற்றரசின் ஆளுகையில் இன்றும் இருக்கும் பழைய சந்தை. இந்த மலையின் பழங்குடிகளான காஸிகளின் பழைய வாரத்துக்கு எட்டு நாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சந்தையின் பெயர், அதில் இயூதுவும் ஒன்று. கடைகளில் பெரும்பாலும் பெண்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுத்தர வயதுப் பெண்ணைக் 'கோங்' என்று கூப்பிட்டால் போதும், அக்கா என்றது போலத்தான், முகம் மலர்ந்துவிடும்.

பன்றிக்கறிக் கடை வரிசையைக் கடந்தால் வெற்றிலை, பாக்கு. அங்கே ஒரு கோங்கிடம் விலை கேட்டு நின்றேன். விலை சொல்வதற்கு முன்பே கால்வாசிப் பாக்கை வெட்டி, சுண்ணாம்பு தடவிய வெற்றிலையோடு கையில் வைத்தார். இதுதான் க்வாய். நாமும் தாம்பூலக்காரர்கள்தானே, இதென்ன பெரிய விஷயம் என்று வாயில் போட்டேன். அது நம் களிப்பாக்கு இல்லை. ஈரம் போகாமல் வைத்திருந்த பாக்கு. இரண்டு மெல்லில் காது சூடாகி, நெற்றி வியர்த்து, பாக்கு நன்றாகச் சொக்கிவிட்டது. பக்கத்துக் கடைகள் வரை சிரிப்பு. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, குளிருக்கு இதுதான் எங்களுக்கு ஸ்வெட்டர் என்றார். அரைகுறை இந்திதான். என்னுடையதும் அரைகுறைதான், அதனால் நன்றாகவே பேசிக்கொண்டோம். அந்தக் காலத்தில் ஓர் ஊருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் வழியில் எத்தனை க்வாய் மெல்லலாம் என்றுதான் சொல்வார்களாம். யாராவது இறந்துபோனால், கடவுளின் வீட்டில் க்வாய் சாப்பிடுகிறார் என்பார்களாம். அவருடைய கணவர் அங்கே போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன என்று மிகச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்குப் பாக்கு எண்ண ஆரம்பித்தார்.

அடுத்து மாவ்ப்ளாங். ஷில்லாங்கிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். வெட்டவெளிப் புல்மேடு, அதன் நடுவில் கத்தியால் வெட்டியது போல் சட்டென்று ஒரு காடு தொடங்குகிறது. சாமிக் காடு. உள்ளே இருந்து எதையும் வெளியே எடுத்து வரக்கூடாது, ஓர் இலை கூட. வழிகாட்டியாக அந்த ஊர்ப் பையன் ஒருவர் வந்தார். பழைய அரசுச் சடங்குகள் நடந்த கற்கள், பலிக்கு முன்னால் உட்கார்ந்த கற்கள் எல்லாம் காட்டினார். நிற்கும் கல் ஆண், படுத்த கல் பெண். சிறுத்தை கண்ணில் பட்டால் சாமிக்கு சம்மதம், பாம்பு பட்டால் சடங்கை நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டும்.

எங்களோடு வந்த ஒருவர் தரையில் கிடந்த ருத்ராட்சக் கொட்டை ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைப்பு. காட்டை விட்டு வெளியே வரும் இடத்தில் பையன் நின்று, அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள், நான் காத்திருக்கிறேன் என்றார். கோபமே இல்லை. அவரும் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய் வைத்துவிட்டு வந்தார். எடுத்தால் நோய் வரும் என்கிறார்களே, நீங்கள் நம்புகிறீர்களா என்று அப்புறம் கேட்டேன். "நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன். ஆனால் எங்கள் ஊர்க் காட்டிலிருந்து எடுக்க மாட்டேன்" என்றார். அதற்கு மேல் விளக்கம் எதுவும் இல்லை. எனக்கும் தேவைப்படவில்லை.

சிரபுஞ்சியை அங்கே எல்லாரும் சோரா என்கிறார்கள். நோகலிகாய் அருவி 340 மீட்டர் உயரம், பார்த்தோம், மூடுபனி வந்து மூடியது, திரும்பினோம். அங்கே செலவழிக்கும் நேரத்தை நோங்ரியாட்டில் செலவழியுங்கள் என்பேன்.

டிர்னா என்னும் ஊரிலிருந்து நோங்ரியாட்டுக்கு மூவாயிரத்துச் சொச்சம் படிகள் இறங்க வேண்டும். நாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது, நெற்றியில் பட்டை கட்டி முதுகுக் கூடையில் அரிசி மூட்டை சுமந்த பெண்கள் பேசிக்கொண்டே நம்மைத் தாண்டிப் போவார்கள். இரண்டடுக்கு வேர்ப்பாலம் அங்கேதான். சீமை ஆல மரத்தின் விழுதுகளை ஆற்றின் குறுக்கே இழுத்து, பிளந்த பாக்குமரத் தண்டுக்குள் விட்டு எதிர்க்கரைக்குச் செலுத்துகிறார்கள். ஆள் நடக்கும் அளவுக்குப் பலப்பட பதினைந்து, இருபது, முப்பது வருடம்கூட ஆகும். தொடங்கியவரின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் நடப்பார்கள். அந்த மழையில் மூங்கில் பாலம் சில வருடத்தில் இற்றுப்போகும், இரும்பு துருப்பிடிக்கும், வேர் மட்டும் வயது ஆக ஆகத் தடிக்கும். பாக்கு, பிரியாணி இலை, தேன், துடைப்பப்புல் எல்லாம் மழைக்காலத்தில் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகக் கட்டியது. 2022-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

நாங்கள் தங்கிய வீட்டுக்காரப் பெண்ணோடு மாலையில் பாலத்தில் உட்கார்ந்திருந்தோம். பேசிக்கொண்டே புதிதாக முளைத்த மெல்லிய வேர்களை எடுத்து, பழைய வேர் இடுக்கில் நுழைத்து முறுக்கிக்கொண்டிருந்தார். கையும் வாயும் தனித்தனியாக வேலை செய்தன. யாராவது சொல்லிச் செய்கிறீர்களா என்றேன். இல்லை, இந்தப் பக்கம் உட்கார்ந்தால் எல்லாரும் செய்வதுதான் என்றார்.

அவர் வீட்டின் கடைசிப் பெண். காஸிகளிடம் பரம்பரை வீடு கடைசி மகளுக்குத்தான் போகும் என்று நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். கொடுத்து வைத்தவர் என்று சொன்னேன். சிரித்துவிட்டார். "வீடு என் பேரில். அம்மா அப்பாவைக் கடைசி வரை பார்ப்பது நான். அக்கா புருஷனோடு சண்டை போட்டு வந்தால் இங்கேதான் வருவாள், சோறு நான்தான் போட வேண்டும். வீட்டை விற்கலாமா என்றால் மாமா விடமாட்டார். ஷில்லாங்கில் படிக்கலாமென்று ஆசைப்பட்டேன், யார் போக விடுவார்கள்?" குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பெண்கள் ராஜ்ஜியம் என்று நாம் எழுதுவதெல்லாம் எவ்வளவு மேலோட்டம் என்று எனக்கு உறைத்தது.

நீங்கள் எழுதுங்கள்.

நாகர்கோவில் பக்கத்துக்காரர்:

கடைசிப் பெண் சொன்னது எனக்கு அப்படியே புரிகிறது. எங்கள் பாட்டி காலம் வரை மருமக்கள்வழிதான். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். எங்களிடம் தாய்மாமன் சொத்து அக்கா தங்கை பிள்ளைகளுக்குப் போனது, அதை ஆண்டதும் ஆண்தான், வழக்குகளில் பாதிச் சொத்து கரைந்தது. காஸிகளிடம் கையில் வைத்திருப்பது மகள், யோசனை சொல்வது தாய்மாமன். பிள்ளைகளுக்கு அம்மாவின் குலப்பெயர். ஒரே குலத்துக்குள் கல்யாணம் பெரும் பாவம்.

ஷில்லாங்கில் எனக்கு வாய்த்த டாக்சிக்காரர் இதைப் பற்றி வழி நெடுகப் பொருமினார். அப்பா வீட்டிலும் எனக்கு ஒன்றுமில்லை, மனைவி வீட்டிலும் நான் விருந்தாளி, வங்கிக் கடனுக்குக் காட்ட ஒரு துண்டு நிலம் கிடையாது என்றார். ஆண்களுக்கும் உரிமை வேண்டும் என்று பேசும் அமைப்புகள் அங்கே உண்டு. சரி, ஊர்ச்சபையில் யார் உட்காருவார்கள் என்று கேட்டேன். "அது ஆண்கள்தான்" என்றார் கொஞ்சமும் தயங்காமல். வழக்கப்படி அப்படித்தானாம். பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி சிரித்த சிரிப்பில் அவரே கண்ணாடியில் பார்த்துச் சிரித்துவிட்டார்.

மழையில் போனவர்:

எல்லாரும் மழைக்காலத்தில் போகாதே என்றார்கள். சிரபுஞ்சிக்கு வெயிலில் போய் என்ன செய்வது? ஜூலையில் போனேன். அருவி எதையும் பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டேன். 1860 ஆகஸ்டிலிருந்து 1861 ஜூலை வரையிலான பன்னிரண்டு மாதத்தில் 26,461 மில்லிமீட்டர் பெய்த ஊர் அது. வங்கக் கடலின் ஈரக்காற்று வங்கதேசச் சமவெளியைத் தடையில்லாமல் கடந்து வந்து, செங்குத்தாக எழும் இந்த மலைச்சுவரில் மோதி மேலேறிக் கொட்டிவிடுகிறது. ஆண்டுச் சராசரியில் பக்கத்து மாவ்சின்ராம் சோராவையும் மிஞ்சும்.

தங்கிய வீட்டுப் பாட்டிதான் என் சந்திப்பு. இவ்வளவு தண்ணீர் என்று நான் வாயைப் பிளந்தபோது, டிசம்பரில் வா, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊற்றுக்கு என்னோடு நடக்கலாம் என்றார். பெய்வதெல்லாம் சுண்ணாம்புப் பாறை வழியாகவும் சரிவு வழியாகவும் கீழே வங்கதேசத்துக்கு ஓடிவிடுகிறது, குளிர்காலத்தில் குடிக்கத் தண்ணீர் தேட வேண்டியிருக்கிறது. வயலுக்குப் போகும்போது தலையிலிருந்து இடுப்பு வரை மூடும் க்நுப்பைக் கவிழ்த்துக்கொண்டார். மூங்கிலும் இலையும் வைத்துப் பின்னியது. இரண்டு கையும் சும்மா இருக்கும், குனிந்து களை எடுக்கலாம். என் விலை உயர்ந்த மழைக்கோட்டு இரண்டாம் நாளே ஒழுகியது.

இன்னொன்று. காலையில் என்ன கனவு கண்டாய் என்று தினமும் கேட்டார். அன்பு என்று நினைத்தேன். தீர் ஆடுவதற்காம்! வில்லாளிகள் ஒரு வைக்கோல் இலக்கை நோக்கி அம்புகளை விடுவார்கள், தைத்த அம்புகளை எண்ணி, கடைசி இரண்டு இலக்கம்தான் பரிசு எண். அரசு அனுமதி பெற்ற பந்தயம். ஒவ்வொரு கனவுக்கும் ஓர் எண் வைத்திருக்கிறார்கள். என் கனவுகளில் ஒன்றுகூடத் தேறவில்லை.

கொங்தொங் போனவர்:

கொங்தொங் என்னும் காஸி ஊரின் வழக்கம், சுருக்கமாக. குழந்தை பிறந்ததும் அம்மா அதற்கென்று ஒரு மெட்டுக் கட்டுகிறாள், அதுதான் அழைக்கும் பெயர். வீட்டுக்குள் சின்னத் துண்டு, காட்டில் தூரத்திலிருந்து கூப்பிட நீண்ட மெட்டு. ஆள் இறந்தால் அந்த மெட்டை இன்னொருவருக்கு வைப்பதில்லை. நான் பார்த்த அம்மாவுக்கு நாலு பிள்ளைகள். சுற்றுலாக்காரர்களுக்காகப் பாடிக் காட்டச் சொன்னால் கூச்சப்பட்டார். மாலையில் ஆட்டை ஓட்டிப் போன பையன் வர நேரமானதும் அவராகவே வாசலில் நின்று கூப்பிட்டார், சரிவுக்குக் கீழிருந்து பதில் வந்தது. பாடச் சொல்லிக் கேட்காதீர்கள், ஒரு ராத்திரி தங்குங்கள், தானாகவே கேட்கும்.

இழையைத் தொடங்கியவர்:

தனிச்செய்தியில் மூன்று பேர் ஒரே கேள்வி கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன்: பன்றிக்கறி சாப்பிடாதவர்கள் என்ன செய்வது? ஜாடோ என்னும் கறிச்சோறு விற்கும் கடைகளில் சோறே கறியோடு சேர்த்து வேகிறது, அதைத் தவிர்க்க வேண்டும். வெறும் சோறு, பருப்பு, முட்டை, உருளைக்கிழங்கு எங்கும் கிடைக்கும். கருவாடு பழக்கமென்றால் துங்டாப் துவையலை விடாதீர்கள். புக்லேன் என்று ஒரு பலகாரம், அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துப் பொரித்தது, நம் அதிரசத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை.

ஞாயிற்றுக்கிழமை கடை, சுமோ எல்லாம் பெரும்பாலும் ஓய்வு, அன்றைக்குப் பயணம் வைக்காதீர்கள். டிசம்பரில் மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். நோங்ரியாட்டில் தங்காமல் அன்றே ஏறிவிடுவோம் என்பவர்கள் காலை எட்டுக்கு முன்பே டிர்னாவில் இருக்க வேண்டும், சில்லறையாகப் பணமும் வைத்துக்கொள்ளுங்கள்.