வலது பக்க பாட்டம் பிராக்கெட் கப் கழன்றுகொண்டே இருக்கிறது

80களில் வந்த இத்தாலிய ரோடு பைக், கொலம்பஸ் எஸ்எல் குழாயில் செய்த ஸ்டீல் ஃபிரேம். போன மாதம் கிராங்க், பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சு சுழலும் பேரிங் தொகுதி), டயர் எல்லாம் புதிதாக மாற்றினேன். தொல்லை செயின் பக்கத்து கப்பில், அதாவது பேரிங்கைத் தாங்கி ஃபிரேமில் மரையால் இறுகும் கிண்ணத்தில். கப் இறுகும் ஃபிரேம் குழாயான ஷெல் 70 மிமீ, இத்தாலியன் மரை. இரண்டு பக்கமும் வலமரை (கடிகாரச் சுற்றில் இறுகுவது) என்பதால் மிதிக்க மிதிக்க அந்தப் பக்கம் தளரும் என்று தெரியும், அதற்காக இவ்வளவு சீக்கிரமா? மேடு ஏறும்போது கடக் கடக் என்று சத்தம், இறங்கிப் பார்த்தால் கப்புக்கும் ஷெல்லுக்கும் நடுவே நகம் நுழைகிறது. முதலில் கிரீஸ் போட்டு டார்க் ரெஞ்சால் இறுக்கினேன், அப்புறம் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு நீல திரெட் லாக்கர் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) போட்டேன். இரண்டும் நிற்கவில்லை. மரை தேய்ந்த மாதிரியும் தெரியவில்லை. டெஃப்லான் டேப் சுற்றிப் பார்ப்பதா, மரையை நம்பாமல் ஷெல்லுக்குள் இறுகி நிற்கும் வகைக்கு மாறிவிடுவதா, உங்கள் அனுபவத்தில் எது நிலைக்கும்?