18 வயதும் விலக்குப் பிரிவும்

பெரியப்பா: பல நாடுகளில் திருமண வயது 18 என்று சட்டம் இருக்கும்போது, மேலும் என்ன சீர்திருத்தம் வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை. நீதிமன்றத்தில் வாதாடுகிறவள் நீ, நீதான் சொல்ல வேண்டும் அம்மா.

சித்தி: வயதை எழுதிவைப்பது எளிது, அத்தான். அந்த வயதுக்குக் குறைந்தவரும் மணக்கலாம் என்று அதற்கு அடுத்த வரியில் வரும் விலக்கைத்தான் கவனித்துப் படிக்க வேண்டும். 1962-இல் ஐ.நா. ஏற்ற திருமண ஒப்புதல் உடன்படிக்கையே குறைந்தபட்ச வயதை அந்தந்த நாட்டின் முடிவுக்கு விட்டுவிட்டு, தக்க காரணம் இருந்தால் உரிய அதிகாரி விலக்கு அளிக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டது. 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையிலோ திருமணத்துக்கென்று தனி உறுப்பே இல்லை.

அக்கா: அந்த விலக்குக்குப் பெற்றோர் சம்மதம் கேட்பது ஒரு பாதுகாப்புத்தானே, சித்தி?

சித்தி: வற்புறுத்துகிறவர்களே பெற்றோராக இருந்தால் அந்தக் கையெழுத்து யாரைக் காக்கும்? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 16, 17 வயதினர் பெற்றோர் ஒப்புதலுடன் மணம் செய்யலாம் என்றிருந்ததை 2022-இல் இயற்றிய சட்டம் நீக்கியது. 2023 பிப்ரவரி 27 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. முன்பு வற்புறுத்தல் நடந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்பதால், ஒரு சிறுமி தன் தாய்தந்தைக்கு எதிராகவே சாட்சி சொல்லும் நிலை வரும். இப்போது 18 நிரம்பாதவருக்குத் திருமணம் நடத்திவைப்பதே, வற்புறுத்தல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குற்றம். வயதை உயர்த்தியதைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

தம்பி: அப்படியானால் நடந்து முடிந்த சிறார் திருமணங்கள் எல்லாவற்றையும் செல்லாதவை என்று ஒரேயடியாக அறிவித்துவிடலாமே!

சித்தி: உன் அவசரம் ஜெர்மனிக்கும் இருந்தது. வெளிநாட்டில் 16 வயதுக்கு முன் நடந்த திருமணங்கள் தாமாகவே செல்லாது என 2017-இல் சட்டம் இயற்றினார்கள். நோக்கம் ஏற்கத்தக்கது என்ற அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம், ஜீவனாம்சத்துக்கும், வயது வந்தபின் அந்தப் பெண்ணே விரும்பினால் மணத்தைத் தொடர்வதற்கும் வழி வைக்கவில்லை என்று 2023-இல் குறை கண்டது. காப்பாற்றப் போன சட்டமே அவளை வெறுங்கையுடன் நிறுத்தியது.

பெரியப்பா: சரி அம்மா, பிறந்த தேதிக்குச் சான்றே இல்லாத பிள்ளைக்கு 18 நிரம்பியதா இல்லையா என்று யார் சொல்வது?

சித்தி: அதற்குத்தான் அதே 1989 உடன்படிக்கையின் 7-ஆம் உறுப்பு, குழந்தை பிறந்த உடனே பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது, அத்தான். பதிவேட்டில் பெயர் இல்லாதவளின் வயதை, மணம் பேச வந்தவர்கள் தங்கள் வசதிக்குச் சொல்லிவிட முடியும்.