10க்கு 12 அடிக் காம்பராவில் (அறையில்) மடிப்புக் கட்டில்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. ஹட்டன் பக்கம் தோட்டத்து லயன் வீடு (வரிசை வீடு) எங்களுடையது. ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), அவ்வளவுதான். அம்மா, நாங்கள் இருவர், சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் மகள் எல்லோரும் அதற்குள்.

சுவரோடு மடித்து நிறுத்தும் கட்டில், அதன் அடிப்பக்கத்திலேயே விரியும் மேசை என்று நினைத்திருக்கிறேன். சிப்போர்ட் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வேண்டவே வேண்டாம். தென்மேற்குப் பருவமழை ஈரத்தில் ஓரமெல்லாம் ஊதிவிடும். மரப்பலகை என்றால் பாரம். பழைய கருங்கல் சுவர் வேறு, கல்லுக்கு இடையில் சாந்து விரல் பட்டாலே உதிர்கிறது. அதில் போல்ட் பிடிக்குமா? இல்லை, பாரம் தரையில் இறங்கும்படி இரும்புச் சட்டம் அடிப்பதா? அப்புறம், மடித்த மெத்தையில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க சுவரிலிருந்து எவ்வளவு இடைவெளி வேண்டும்?

செய்து பார்த்தவர்கள், நல்ல பாஸ் (கைவினைஞர்) யாரையாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பரீட்சைக்கு முன் பிள்ளைக்கு ஒரு மேசை போட்டுக் கொடுக்க வேண்டும்.