பழைய ஆஸ்திரேலிய நாளிதழ்களில் பொலிகுதிரை விளம்பரங்கள்: எப்படிப் படிப்பது?

விம்மெரா வாசகி கேட்டது:

விக்டோரியா மாநிலத்தின் மேற்கே, கோதுமை விளையும் விம்மெரா பகுதியில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்துக்காக, ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் 1880களின் வட்டார நாளிதழ்களைப் புரட்டுகிறேன். நான் தேடுவது பள்ளிக்கூடத்தைப் பற்றிய செய்தி. கண்ணில் படுவதெல்லாம் குதிரை! ஆகஸ்ட் இறுதியில் ஒன்றிரண்டாகத் தலைகாட்டும் விளம்பரங்கள் செப்டம்பரில் ஒரு பத்தியையே அடைத்துக்கொள்கின்றன.

ஒன்றைச் சுருக்கிச் சொல்கிறேன். குதிரையின் பெயரும் உரிமையாளர் பெயரும் வேண்டாம். அந்தக் குடும்பத்தார் இன்னும் இங்கே இருக்கிறார்கள். ஏர் இழுக்கும் கிளைட்ஸ்டேல் இனப் பொலிகுதிரை (பெட்டைகளோடு சேர்க்க வைத்திருக்கும் ஆண் குதிரை), செம்பழுப்பு நிறம், பதினாறரைக் கை உயரம் (ஒரு கை நான்கு அங்குலம்). தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று எட்டு வரிக்கு வம்சாவளி. அதன்பின் திங்கள் முதல் சனி வரை எந்த நாள் எந்த ஹோட்டலில் நிற்கும் என்ற பட்டியல். கட்டணம் மூன்று கினி (ஒரு கினி 21 ஷில்லிங்), ஜனவரி 1 அன்று கொடுத்தால் போதும். குதிரையை நடத்திவரும் குதிரைக்காரருக்கு ஐந்து ஷில்லிங், அதை மட்டும் உடனே கொடுக்க வேண்டும். கடைசியில், "எல்லாக் கவனமும் எடுக்கப்படும், பொறுப்பு ஏற்கப்படாது."

பொலிகுதிரை ஏன் ஹோட்டல் ஹோட்டலாக அலைகிறது? கட்டணத்துக்கு மட்டும் ஏன் இத்தனை மாதத் தவணை? எல்லா விளம்பரங்களிலும் ஒரே குதிரைப் படம் இருக்கிறதே, அது எந்தக் குதிரை? இந்த வம்சாவளியை யாராவது நம்பினார்களா?

---

லாயத்து மருத்துவர் பதில்:

அம்மா, இந்த விளம்பரங்களை எல்லோரும் மேலிருந்து படிக்கிறார்கள். நான் கீழிருந்து படிக்கச் சொல்வேன். மேலே இருப்பது பெருமை, கீழே இருப்பது ஒப்பந்தம். சென்னையில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு விக்டோரியாவின் கிராமப்புறத்தில் மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். வம்சாவளியைப் பார்த்து நான் மயங்குவதில்லை.

ஊரை முதலில் பாருங்கள். 1869ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி ஒரு குடியேறி அதிகபட்சம் 320 ஏக்கர்தான் எடுக்க முடியும். விம்மெரா நிரம்பியது 1870களில், இந்தச் சட்டத்தை வைத்துத்தான். அவரிடம் ஏர் இழுக்கவும் அறுவடை இயந்திரம் இழுக்கவும் சில குதிரைகள் இருக்கும். அவற்றில் பெட்டை இரண்டோ மூன்றோ. அந்த இரண்டு மூன்றுக்காக ஒரு பொலிகுதிரையை வாங்கி, ஆண்டு முழுவதும் தீனி போட்டு, வேலியை உடைத்துக்கொண்டு ஓடாமல் காவல் காப்பது கட்டுப்படியாகுமா? அதனால்தான் வசதியுள்ளவர் ஒருவர் குதிரையை வாங்கி, ஒரு ஆளிடம் கொடுத்து, ஊர் ஊராக அனுப்பினார். பஸ் கால அட்டவணை போல நீங்கள் பார்த்த நாள் பட்டியல் அதற்குத்தான்.

அந்த அட்டவணை வாரச் சுற்றாக இருப்பதைக் கவனித்தீர்களா? அதில் உடற்கூறு இருக்கிறது. பெட்டைக்குதிரை வசந்தத்தில் (இங்கே அது செப்டம்பரில் தொடங்கும்) சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். வந்தால் அந்தப் பருவம் ஐந்து முதல் ஏழு நாள் நீடிக்கும். பொலிகுதிரை வாரம் ஒருமுறை அதே வாசலைக் கடந்தால், ஏதாவது ஒரு சுற்றில் பெட்டை அகப்பட்டே தீரும். மூன்று வாரம் கழித்து அதே பெட்டையை மறுபடி கொண்டுவந்து பார்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவே உறுதியான ஒரு மரத்தடுப்பு. பொலிகுதிரை அந்தப் பக்கம் மூக்கை நீட்டும். பெட்டை காதை மடக்கி, கீச்சிட்டு, பின்னங்காலால் பலகையை உதைத்தால் சினை பிடித்துவிட்டது என்று கணக்கு. வாலை ஒதுக்கிக்கொண்டு அசையாமல் நின்றால் மறுபடியும் சேர்க்க வேண்டும். ஸ்கேன் இல்லாத காலத்தில் பரிசோதனை இவ்வளவுதான். சொன்னால் நம்பமாட்டீர்கள், பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஹோட்டல் என்றால் நீங்கள் நினைக்கும் ஹோட்டல் அல்ல. மதுக்கூடம் முன்னால், லாயம் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில். வட்டார விவசாயிகள் எப்படியும் வந்து போகும் இடம். பின்முற்றத்தில் காரியம் நடக்கும். பெண்களும் குழந்தைகளும் அந்தப் பக்கம் போகக்கூடாது. விளம்பரம் மட்டும் வீட்டு மேசையில் எல்லோரும் படிக்கும் நாளிதழில் கொட்டை எழுத்தில் வரும். அந்தக் காலத்து நாகரிகம் அப்படி.

இப்போது பணம். ஜனவரி 1 ஏன்? விம்மெராவில் கோதுமை அறுவடை நவம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை போகும். செப்டம்பரில் விவசாயி கையில் காசு இருக்காது. அதை அறிந்து வைத்த நாள் அது. குதிரைக்காரருக்கான ஐந்து ஷில்லிங் மட்டும் ரொக்கம், ஏனென்றால் அவர் வழியில் சாப்பிட வேண்டும்.

நீங்கள் சொன்னது சாதாரணக் கட்டணம். குட்டி பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். சில விளம்பரங்களில் குட்டிக்கு உத்தரவாதம் என்று கூடுதல் கட்டணம் இருக்கும். குட்டி வந்தால்தான் பணம். அப்படி இருந்தால் உடனே அடுத்த வரியைத் தேடுங்கள்: பெட்டையை விற்றாலும் மாற்றிக்கொண்டாலும் சினை பிடித்ததாகவே கருதிக் கட்டணம் வாங்கப்படும் என்று இருக்கும். இந்த ஒரு வரி போதும், முந்தைய பருவத்தில் யாரோ சினைக் குதிரையைச் சந்தையில் தள்ளிவிட்டுக் கையை விரித்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ள. ஒவ்வொரு நிபந்தனைக்குப் பின்னாலும் ஒரு சண்டை இருக்கிறது.

வம்சாவளி பற்றி: ஸ்காட்லாந்தில் கிளைட்ஸ்டேல் வம்சப் பதிவேட்டை வெளியிட்ட சங்கமே 1877இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய பாட்டன் கதைகளுக்கு உரிமையாளரின் வாய்தான் சாட்சி. கண்காட்சியில் முதல் பரிசு என்று போட்டிருந்தால், அதே நாளிதழில் அந்தக் கண்காட்சியின் முடிவுகளைத் தேடிப் பாருங்கள். அந்தப் பிரிவில் எத்தனை குதிரை போட்டியிட்டன என்று தெரிந்தால் சிரிப்பு வரலாம். தாயைப் போல பிள்ளை என்று நம் ஊரில் சொல்வோம்; இந்த விளம்பரங்களைப் படித்தால் குட்டிக்குத் தாயே கிடையாது போல இருக்கும். விவசாயியின் கிழட்டுப் பெட்டை எதைக் கொடுக்கிறதோ அதுவும்தானே குட்டி?

விளம்பரம் சொல்லாத விஷயம் குறைகள். குளம்பை ஒட்டிய குருத்தெலும்பு இறுகி எலும்பாகிவிடுவது, மூச்சு வாங்கும்போது கரகரவென்று சத்தம் வருவது, இப்படிப் பரம்பரையாகத் தொடர்வதாக அஞ்சிய நோய்கள் பல. மலிவுக் கட்டணத்தில் சுற்றிய நோஞ்சான் குதிரைகள் வட்டாரத்தையே கெடுத்தன என்ற புகார் நெடுங்காலம் இருந்தது. 1907இல் விக்டோரியாவின் வேளாண் துறை கால்நடை மருத்துவர்களை வைத்துப் பொலிகுதிரைகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தது. பிரிட்டன் 1918இல் சட்டமே போட்டு, ஊர் சுற்றும் பொலிகுதிரைக்கு உரிமம் கட்டாயம் என்றது. 1907க்குப் பிந்தைய விளம்பரத்தில் அரசாங்கச் சான்றிதழ் பற்றிய பேச்சே இல்லை என்றால் நான் என் பெட்டையை வீட்டிலேயே வைத்துக்கொள்வேன்.

---

ஈய எழுத்து பதில்:

மருத்துவர் ஐயா படத்தை விட்டுவிட்டார். அது எந்தக் குதிரையும் அல்ல. சிவகாசியில் எங்கள் குடும்பத்துக்கு அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு ஒரே பிள்ளையார் பிளாக்கை (படம் அச்சிடும் அச்சுக்கட்டை) தேயும் வரை ஓட்டுவோம். அங்கேயும் அதே கதைதான். அச்சு எழுத்து வார்ப்பவர்களிடமே ஆயத்தக் குதிரைப் பிளாக்குகள் விற்பனைக்குக் கிடைத்தன. சின்ன நாளிதழ் ஒன்றோ இரண்டோ வாங்கி வைத்திருக்கும். பந்தயக் குதிரைக்கும் ஏர்க்குதிரைக்கும் அதே படம்தான்.

இன்னொன்று, ஆய்வு செய்பவர்களுக்குப் பயன்படும். பருவம் முழுவதும் வர வேண்டிய விளம்பரத்தை ஈய எழுத்துகளில் ஒருமுறை கோர்த்தால் பிரிக்கமாட்டார்கள்; அப்படியே கட்டி வைத்து ஒவ்வொரு இதழிலும் ஏற்றுவார்கள். ஒரு எழுத்து உடைந்திருந்தால் அந்த உடைசல் பல இதழ்களுக்குத் தொடர்ந்து வருவதைப் பார்க்கலாம். ஆகவே நவம்பர் இதழில் விளம்பரம் இருப்பதால் நவம்பரில் குதிரை அங்கே சுற்றியது என்று எழுதிவிடாதீர்கள். நொண்டியாகி லாயத்தில் படுத்திருந்தாலும் விளம்பரம் வந்துகொண்டிருக்கும்.

நாளிதழ் தவிர, உள்ளங்கை அளவில் மடிப்பு அட்டைகளும் அச்சிட்டார்கள். முகப்பில் படம், உள்ளே வம்சாவளியும் நிபந்தனையும். குதிரைக்காரர் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போவார். உங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் பைபிளுக்குள் ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும்.

---

மெரினா மாலை பதில்:

ஒரு சின்னச் சேர்க்கை. அதே பத்தியில் ஏர்க்குதிரை அல்லாத, ஒல்லியான பந்தய ரத்தப் பொலிகுதிரைகளும் இருக்குமே, பார்த்தீர்களா? அவற்றில் சிலவற்றில் "இந்தியச் சந்தைக்கு ஏற்ற குட்டிகள்" என்று வரும். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்குக் குதிரை வாங்கும் வியாபாரம் அது. கல்கத்தா, பம்பாய், எங்கள் சென்னை ஆகிய துறைமுகங்களுக்கு ஆஸ்திரேலியக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. வேலர் என்று அவற்றுக்குப் பெயர்.

---

லாயத்து மருத்துவர் பதில்:

சரியாகச் சொன்னீர்கள். ஆனால் அந்த ஆசையில் விழுந்த சிறு விவசாயியை நினைத்துப் பாருங்கள். ஏர்க்குதிரைக் குட்டியை மூன்று வயதுக்குள் பழக்கி இலகுவான வேலைக்கு விட்டுவிடலாம். தான் தின்பதைத் தானே சம்பாதிக்கும். ராணுவம் வளர்ந்த குதிரையைத்தான் வாங்கும். அதுவரை தீனி விவசாயியுடையது. வாங்குபவர் உயரம் போதாது என்று ஒதுக்கிவிட்டால் அது ஏருக்கும் ஆகாது. 320 ஏக்கர்காரர் கிளைட்ஸ்டேல் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

---

விம்மெரா வாசகி கேட்டது:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி கீழிருந்து படித்தேன். உத்தரவாதக் கட்டணம் இன்னொரு குதிரைக்கு இருக்கிறது, விற்றால் கட்டணம் உண்டு என்ற வரியோடு! அடுத்த ஆண்டு ஜனவரி கடைசி இதழில் அதே உரிமையாளர் பெயரில் ஒரு நான்கு வரி அறிவிப்பும் கிடைத்தது: பாக்கி வைத்தவர்கள் உடனே தீர்க்காவிட்டால் வழக்குத் தொடரப்படும் என்று. இதற்கு மேல் எங்கே தேடுவது?

---

லாயத்து மருத்துவர் பதில்:

அதே நாளிதழில்தான், அம்மா. பிப்ரவரி, மார்ச் இதழ்களில் உள்ளூர் சிறு வழக்கு மன்றச் செய்திகளைப் பாருங்கள். உரிமையாளர் பெயரைவிடப் "பொலிகுதிரைக் கட்டணம்" என்ற பொருளில் தேடினால் சீக்கிரம் அகப்படும். குட்டி உத்தரவாதம் என்றால் இன்னும் ஓர் ஆண்டு தள்ளியும் தேடுங்கள். சினைக்காலம் 11 மாதம், தகராறு அதற்குப் பிறகுதான் மன்றத்துக்கு வரும். குதிரைக்காரர் வழியில் வைத்திருந்த பதிவுப் புத்தகத்தை அங்கே சாட்சியாக நீட்டுவார். எந்தப் பெட்டை, எந்தத் தேதி, எந்த முற்றம் என்று செய்தியாளர் அதை வரி விடாமல் எழுதியிருந்தால், விளம்பரத்தைவிட அதைத்தான் உங்கள் சங்கம் எடுத்துவைக்க வேண்டும்.