புதுப்பிப்பு: பிளஸ் ஒன்னில் சறுக்கிய மகளின் கல்லூரிப் பட்டியல்

பிளஸ் ஒன் வேதியியலில் மகள் தோற்றுவிட்டாள், இனி எந்தக் கல்லூரி சேர்த்துக்கொள்ளும் என்று கோத்தகிரியிலிருந்து போன வருடம் கேட்டிருந்தேன். பயந்த அளவுக்கு இல்லை. அந்தப் பாடத்தை மறுபடி எழுதித் தேறிவிட்டாள். கட்ஆஃபுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, இது அப்போதே தெரிந்திருந்தால் அவ்வளவு அழுதிருக்க மாட்டாள்.

பொறியியலை விட்டுவிட்டோம். அதன் கட்ஆஃப் 200-இல் கணிதத்துக்கே 100, அவளுக்குக் கணிதம் சுமார்தான். ஆசையெல்லாம் காட்டின் மேல். அதனால் முதல் விருப்பம் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி. அரசுப் பள்ளியில் படித்ததால் 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் கேட்கலாம். அப்புறம் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல். தினமும் பஸ்ஸில் போய்வரலாம், விடுதிச் செலவு இல்லை. இரண்டுக்கும் விண்ணப்பித்தாயிற்று. அன்று தைரியம் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.