வீட்டு நிலைக்கு அயினி போடலாமா?

விளைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம் பக்கம், விளையில (தோட்டத்துல) தாத்தா காலத்து அயினி மரம் ஒண்ணு நிக்குது, ரெண்டு பேரு சேந்து பிடிச்சாலும் கை எட்டாது. வீட்டு வேலை தொடங்கியாச்சு, நிலையும் கதவும் இதுலயே செய்யலாம்னு அப்பா சொல்லுதாரு, காண்ட்ராக்டர் தேக்குதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்காரு. வியாபாரி ஒருத்தரு வந்து மொத்தமா விலை பேசிட்டும் போயிட்டாரு. அயினி தாங்குமா, செதல் பிடிக்காதா?

ஆசாரிமகன்:
அண்ணே, வித்துராதீங்க. நம்ம பக்கத்து பழைய ஓட்டு வீடுகள்ல உத்தரம், கழுக்கோல் (ஓட்டைத் தாங்குற சரிவுக் கட்டை), நிலைன்னு எவ்வளவோ அயினியிலதான் கெடக்கு, இன்னைக்கும் ஆணி அடிச்சா எறங்காது. வைரம் பாஞ்ச மரத்தை செதல் லேசுல தொடாது. ஆனா ஓரத்துல வெள்ளையா இருக்கப்பட்ட பாகத்தை சுத்தமா கழிச்சிரணும், புழு அங்கதான் ஏறும். அறுத்த உடனே மஞ்சளா இருக்கும், போகப்போக தவிட்டு நெறமாயிரும், கெட்டுப்போச்சுன்னு பயப்படாதீங்க. பலகைக்கு இடையில கட்டை வச்சு அடுக்கி, வெயில் படாம காத்து போற எடத்துல நல்லா காயணும், பச்சையா அடிச்சா பிறகு கதவு சேராது.

குளச்சல் கரை:
ஃபைபர் படகு வரதுக்கு முன்னாடி இங்க கடல்ல போன வள்ளத்துக்கெல்லாம் அயினிப் பலகைக்குத்தான் மவுசு. பலகையில ஓட்டை போட்டு கயிறு வச்சு தச்சு, இடுக்குல தென்னந்தும்பு வச்சு அடைப்பாங்க. உப்புத்தண்ணியில கெடந்த மரம் உங்க வாசல்ல நிக்காதா? கேரளாவுல போட்டிக்கு விடுற நீளமான சுண்டன் வள்ளமும் இதே மரந்தான், அங்க ஆஞ்சிலின்னு சொல்லுவாங்க.

மலையோரம்:
எல்லாரும் பலகையையே பேசுதீங்க, அயினிச்சக்கையை, அதான் அயினிப் பழத்தை, மறந்துட்டீங்க. அந்தப் பழத்துக்கு வவ்வாலும் அணிலும் எப்படி வரும்னு விளைக்காரங்களுக்கு தெரியும், கொட்டையை வறுத்தா நாமளும் விடமாட்டோம். மேற்குத்தொடர்ச்சி மலைக்கே உரிய மரம் இது. மலையோரத்துல தனியார் காடுன்னு அறிவிச்ச எடம்னா 1949 சட்டப்படி கமிட்டி அனுமதி இல்லாம வெட்டக்கூடாது, அதனால ஃபாரஸ்ட் ஆபீஸ்ல கேட்டுட்டு கோடாலியை எடுங்க. வெட்டத்தான் வேணும்னா பழம் விழும்போது கொட்டையை உடனே நட்டுருங்க, காய வச்சா முளைக்காது. கன்னுல எலை பெருசா கிழிஞ்ச மாதிரி இருக்கும், வளந்த மரத்துல அப்படி இருக்காது, வேற ஏதோ செடின்னு புடுங்கிப் போட்டுராதீங்க.

விளைக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வியாபாரிகிட்ட இல்லன்னு சொல்லியாச்சு. திங்கக்கிழமை ஃபாரஸ்ட் ஆபீஸ் போறேன், கொட்டை நடுறதை அப்பா பாத்துக்கிடுவாரு. ஆசாரிமகன், நிலைக்கு என்ன கனத்துல அறுக்கச் சொல்லணும்?

ஆசாரிமகன்:
தலைவாசலுக்கு அஞ்சுக்கு நாலு இஞ்ச், உள்ள ரூமுக்கு நாலுக்கு மூணு இஞ்ச் போதும்ணே. காயும்போது சுருங்கும், கால் இஞ்ச் கூட்டியே அறுக்கச் சொல்லுங்க.