பிக்கப் வண்டிக்கு அடித்தகடு: இரும்பா, அலுமினியமா?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். கொல்லிமலையில் மிளகுத் தோட்டத்துக்கு வாரம் இருமுறை என் டீசல் பிக்கப்பில் போகிறேன். 70 கொண்டை ஊசி வளைவுகளும் தார்ச்சாலைதான், தொல்லையில்லை. அதற்குப் பிறகு வரும் 3 கிலோமீட்டர் மண்பாதைதான் உயிரை வாங்குகிறது.

போன மழையில் டயர்கள் தடப்பள்ளத்தில் இறங்கியபோது, நடுவில் துருத்திய கல் கியர்பாக்ஸின் அடியை உரசிவிட்டது. கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு இரண்டு விரல் தள்ளி நீளமாக ஒரு கீறல். ஒழுகவில்லை, குலதெய்வம் காத்தது. என்ஜினுக்கு அடியில் மட்டும் தகடு இருக்கிறது. பின்னால் எல்லாம் திறந்து கிடக்கிறது.

நாமக்கல்லில் ஒரு பட்டறைக்காரர், கல் படாமல் கியர்பாக்ஸின் அடியைக் காக்கும் தகட்டை 4 மி.மீ. இரும்பில் செய்து தருகிறேன் என்கிறார். கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 31 கிலோ வருகிறது. 6 மி.மீ. அலுமினியம் என்றால் 16 கிலோதான். ஆனால் கல்லின்மேல் இரும்பு வழுக்கிப் போகும், அலுமினியம் சிராய்த்துப் பிடித்துக்கொள்ளும் என்கிறார்கள். அனுபவத்தில் எது சரி?

சேஸில் வெல்டிங் வைக்க விடமாட்டேன். ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டே மாட்ட முடியுமா? ஆயில் மாற்றத் தனித் துளை விட்டீர்களா, ஒவ்வொரு முறையும் கழற்றுகிறீர்களா? இன்னொரு பயம்: சைலன்சர் குழாய்ப் பக்கம் தகட்டின்மேல் காய்ந்த சருகு சேர்ந்தால் தீப்பிடிக்காதா? மாட்டியவர்கள் அடிப்பாகத்தைப் படம் எடுத்துப் போட்டால் பட்டறைக்காரரிடம் காட்டிவிடுவேன்.